சேறு படாத கால்

கடல் வற்றும் நேரத்துக்குச் சான் விங்-சௌ ஒரு நாளும் பிந்தியதில்லை. லாவ் ஃபாவ் ஷான் கரையில் கடிகாரம் வைத்திருந்தவர்கள்கூட, அவர் தம் சேற்றுப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துத்தான் முள்ளைத் திருத்திக்கொண்டார்கள். இடது முழங்காலைப் பலகையின் மேல் ஊன்றுவார். வலது காலால் சேற்றை உந்துவார். பலகை வழுக்கிக்கொண்டு ஓடும். சிப்பி வளரும் கற்களின் வரிசைகளுக்கு நடுவே ஓடும் சேற்றுத் தடங்கள் அவருடைய வலது பாதத்துக்கு மனப்பாடம். அந்தக் காலுக்கு மட்டும், டயர்த் துண்டை அடியில் வைத்துத் தைத்த துணிச் செருப்பு ஒன்று உண்டு. எங்கள் கரையில் பெண்கள் ஒற்றைச் செருப்புதான் தைப்பார்கள். இடது காலுக்கு அங்கே வேலை இல்லை.

திரும்பி வந்ததும் குழாயடியில் உட்கார்ந்து முதலில் இடது காலைக் கழுவுவார். கழுவுவதற்கு அதில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் கழுவிவிட்டுப் பாதத்தைத் திருப்பி, சுற்றி நிற்பவர்களிடம், "முப்பத்தோரு வருஷம். ஒரு கீறல் காட்டு, பாப்போம்!" என்பார். சிப்பி ஓட்டின் விளிம்பு சவரக் கத்தியைப் போன்றது. அதன் நடுவே ஆயுளைக் கழித்தவனின் பாதம் கல்யாணப் பெண்ணின் பாதம்போல இருப்பது பெருமைக்குரியதுதான்.

ஆனால் இரண்டு ஆண்டுகளாக அவர் அதை யாருக்கும் காட்டுவதில்லை. கழுவுவது மட்டும் நின்றபாடில்லை.

அந்த ஆண்டுகளில் ஹாங்காங்கின் சட்டம் சிறுவர்கள் விளையாடும் ஓட்டப்பிடிப்பைப் போலிருந்தது. சீனாவிலிருந்து விரிகுடாவை நீந்தி வருகிறவன் எல்லையோரத்தில் பிடிபட்டால் லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிடிபடாமல் கௌலூன் நகரத்துக்குள் போய், ஓர் உறவினர் வீட்டுக் கதவைத் தொட்டுவிட்டால் அடையாள அட்டை கொடுத்துவிடுவார்கள். எங்கள் கரைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு பேருந்துச் சாலை. அந்தச் சாலையில் போலீஸ் மறித்து நிற்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சாலைப் பேருந்தில் விங்-சௌ சிப்பிக் கூடைகளுடன் போய்க்கொண்டிருந்தார். நெரிசல். உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் அவருடைய கூடை ஒன்றைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டான். மறிப்பில் காவலர் ஃபுங் ஏறினார். இளைஞனின் செருப்பைக் கழற்றச் சொன்னார். இரண்டு பாதங்களிலும் வெட்டுகள்.

"நான் சிப்பி வேலைக்காரன் சார்," என்றான் அவன்.

ஃபுங் நல்ல மனிதர். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள விரும்பினார். "பெரியவரே, நீங்க இந்தத் தொழில்ல ஊறினவர். சிப்பிக்காரங்க கால் இப்படித்தான் இருக்குமா?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் விங்-சௌவுக்கு வேறொன்றும் நினைவில் நிற்கவில்லை. "எங்களுக்கு வெட்டுப் பட்டா ஒத்தைக் கால்லதான் சார் படும். ரெண்டு கால்லயும் இருந்தா அவன் அக்கரையிலேந்து சிப்பி மேல நடந்து வந்தவன்," என்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்தபோதுதான் எதைச் சொன்னோம் என்று புரிந்தது. இளைஞன் கூடையைக் கவனமாக இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். அன்று முதல் அந்தச் சாலையின் எல்லா மறிப்புகளிலும் இரண்டு செருப்புகளையும் கழற்றச் சொன்னார்கள். ஃபுங் அவரை எங்கே கண்டாலும், "வாங்க வாத்தியாரே!" என்று கூப்பிடத் தொடங்கினார்.

விங்-சௌவின் மனைவி லாய்-ஹோ இதற்கென்று ஒரு கதை உண்டாக்கி வைத்திருந்தாள். வலை பின்னுகிறவன் ஒருவன் ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணி எவ்வளவு பெருசா வைக்கிறதுன்னு தெரியலையே," என்று புலம்பினானாம். ஒரு மீன் தலையை நீட்டி, "என் தலையை அளந்துக்கோ, இந்த ஆத்துல இவ்வளவு அழகான தலை வேற யாருக்கும் இல்லை," என்றதாம். கரை முழுவதும் இந்தக் கதை பரவிவிட்டது.

இப்போது நான் சொல்ல வந்தது 1979ஆம் ஆண்டு, மழை தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் நடந்தது.

விடிந்தும் விடியாத வேளையில் விங்-சௌ தம் சிப்பி வயலின் வடக்கு மூலைக்குப் போனபோது, சிப்பி ஓட்டுக் குவியலின் மறைவில் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். இருபது வயதிருக்கும். இரண்டு கால்களும் கிழிந்திருந்தன. நெஞ்சில் மிதப்பதற்காகக் காற்றடைத்த தலையணை உறை ஒன்றைக் கட்டியிருந்தாள்.

"கத்தாத. பலகையில குப்புறப் படு," என்றார் அவர்.

"என்னைப் போலீஸ்ல குடுக்கப் போறீங்களா, பெரியப்பா?"

அவர் கரையில் ஆள் இல்லையென்று பார்த்துக்கொண்டார். அவளைப் பலகையில் இழுத்துக்கொண்டு குடிசைக்கு வந்தார்.

லாய்-ஹோ அவளைப் பார்த்ததும் அடுப்பில் இருந்த கஞ்சியை இறக்கினாள். "கிழவா, நாள் பாத்துத்தான் கூட்டிட்டு வந்திருக்க. இன்னைக்கு மத்தியானம் லாவ் வர்றாரு, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. லாவ் அக்கரையில், சீனக் கூட்டுப்பண்ணையான கம்யூனின் ஆள். எங்கள் வயல்களுக்குச் சிப்பிக் குஞ்சு அக்கரையிலிருந்துதான் வரவேண்டும். இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த நிலையல்ல. இந்தப் பிரிட்டிஷ் காலனியின் குடிநீரும் பன்றியும் கீரையும் சீனா என்ற அந்தப் பெரிய வீட்டிலிருந்துதான் வந்தன. அதனால் ஆளுநர் முதல் ஆளிச் சிப்பி உடைப்பவன் வரை எல்லோரும் அந்தத் திசையை நோக்கிச் சற்று மெல்லத்தான் பேசினார்கள். போன மாதம் லாவ் இதே குடிசையில் தேநீர் குடித்துக்கொண்டே சிரித்தபடி சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "ஓடி வர்றவங்களுக்குக் கதவு தொறக்குற வீட்டுக்குக் குஞ்சு அனுப்பக் கூடாதுன்னு மேல சொல்றாங்க. நான் என்ன பண்ண, சௌ அண்ணே?" கடல் ஏறியதும் அவருடைய படகு வரும். அவர் ஊர்ப் பெண்ணை அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"சாப்பிடு, பொண்ணே. பேரு என்ன? யார் இருக்காங்க உனக்கு இங்க?" என்று கேட்டாள் லாய்-ஹோ.

"சோய்-ஹா. கௌலூன்ல, ஷாம் ஷுய் போவுல அத்தை இருக்கு, பெரியம்மா. பொத்தான் தைக்கிற வேலை." இரண்டு வாய் கஞ்சி உள்ளே போனதும் அவளுக்குப் பேச்சு வந்தது. "எங்க அண்ணன்தான் மொதல்ல வந்தான். பஸ் வரைக்கும் போயிட்டான். ஒரு சிப்பிக்காரக் கிழவன், அவன் காலைப் பாத்துப் போலீசுக்குச் சொல்லிக் குடுத்துட்டானாம். அந்தக் கிழவனோட கூடையை அண்ணன் மடியில வாங்கி வச்சிருந்தானாம், பெரியம்மா! எட்டு மாசம் கல்லு ஒடைக்க வச்சாங்க. இப்போ கடற்கரைப் பக்கமே விடுறதில்லை. அந்தக் கிழவன் கண்ணுல பட்டா, அவன் தொண்டையில சிப்பி ஓட்டை..."

முடிக்காமல் கஞ்சியைக் குடித்தாள்.

லாய்-ஹோ கணவனைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அடுப்பை நோக்கிச் சொன்னாள்: "எங்க வீட்டுலயும் ஒரு மீன் இருக்கு. வலை பின்னுறவன்கிட்ட தலை அளவைச் சொன்ன மீன்."

"உங்களுக்குள்ள சண்டையா?" என்று பெண் லேசாகச் சிரித்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேந்து," என்றாள் லாய்-ஹோ.

விங்-சௌ எழுந்தார். "தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு பாத்துட்டு வர்றேன்." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

லாய்-ஹோ பெண்ணின் காலைக் கழுவிக் கட்டுப் போட்டாள். தன் பூப்போட்ட சட்டையையும் கறுப்புக் காற்சட்டையையும் கொடுத்தாள். "இந்தக் கரைப் பேச்சும் உங்க ஊர்ப் பேச்சும் ஒண்ணுதான். வாயைத் தொறந்தா பயமில்லை. காலைத் தொறந்து காட்டச் சொன்னாத்தான் பயம். நீ என் மருமக. என் பையன் இங்கிலாந்துல சமையல்காரன், புது வருஷத்துக்கு வந்து உன்னைக் கட்டிட்டு ஓடிட்டான். சரியா?"

"சரி, மாமி."

"அடடே. நிஜ மருமக வந்திருந்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டிருக்க மாட்டா."

விங்-சௌ திரும்பி வந்தபோது நடையில் ஏதோ மாற்றம் இருந்தது. பலகை நனைந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து, பட்டணம் போகும்போது போடும் காலணிகளை எடுத்தார். லாய்-ஹோ வாசல் மண்ணைப் பார்த்தாள். ஈரத்தில் இரண்டு பாதங்களின் தடம், இரண்டும் சிவப்பாக.

"கிழவா, இடது காலைக் காட்டு."

காட்டினார். முப்பத்துமூன்று ஆண்டுகளாகக் கீறல் படாத அந்தப் பாதம் குதிகாலிலிருந்து விரல் வரை நான்கு இடங்களில் பிளந்திருந்தது. வலது பாதம் அதைவிட மோசம். டயர்ச் செருப்பைக் காணவில்லை.

"மருந்து..."

"வேணாம். கழுவாத. இன்னைக்குப் பட்டதுன்னு தெரியணும்."

லாய்-ஹோ குனிந்து காலணியை அவர் காலில் தானே மாட்டிவிட்டாள். "லாவ் வந்தா நான் பாத்துக்கறேன். அவர் காது கழண்டு விழுற வரைக்கும் பேசறேன். போயிட்டு வாங்க."

யுன் லோங் சந்தையில் கௌலூன் பேருந்து மாறி உட்கார்ந்தார்கள். பெண் சன்னலோரம், அவர் நடைபாதைப் பக்கம், இரண்டு சிப்பிக் கூடைகள் காலடியில். ஒரு கையகல இடமும் மிச்சமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். முன் இருக்கைப் பெண்மணி ஒருத்தி பக்கத்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க ரூம்ல ஒம்பது பேரு. கட்டில் ஒண்ணுக்கு மூணு பேரு முறை வச்சுத் தூங்குறோம். இன்னும் நீந்தி வந்துக்கிட்டே இருக்காங்க. கால் வைக்க எங்க இடம்?" அவளும் பதினேழு ஆண்டுகளுக்கு முன் மலையேறி வந்தவள்தான் என்பது அடுத்த நிமிடம் அவள் பேச்சிலேயே தெரிந்தது.

மலை வளைவு தாண்டியதும் பேருந்து நின்றது. பேச்சும் நின்றது. காவலர் ஃபுங் ஏறினார்.

இரண்டு ஆண்டுகளில் அவருக்குத் தொப்பை சற்று விழுந்திருந்தது. கண் மட்டும் பழைய கண்தான். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் விங்-சௌவைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாங்க வாத்தியாரே! சிப்பி கொழுத்திருக்கா?"

"பரவால்ல சார்."

"இது யாரு?"

"மருமக. பையன் புது வருஷத்துக்கு வந்தப்போ முடிச்சோம்."

"விருந்துக்குக் கூப்பிடவே இல்லையே! பெரிய ஆளாயிட்டீங்க." சிரித்தார். சிரித்துக்கொண்டே பார்வை கீழே இறங்கியது. பெண்ணின் காலணி அவளுக்கு ஒரு விரல் பெரியதாக இருந்தது. "அம்மா, கொஞ்சம் செருப்பைக் கழட்டுங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே."

சோய்-ஹா கழற்றினாள். கட்டையும் அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தாள். இரண்டு பாதங்கள். நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

ஃபுங்கின் சிரிப்பு மெல்ல மறைந்தது. "வாத்தியாரே, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே பஸ்லதான் நீங்க எனக்குப் பாடம் சொன்னீங்க. ஒத்தைக் கால்னா சிப்பிக்காரன், ரெண்டு கால்னா நடந்து வந்தவன். அந்தப் பையன் மடியில உங்க கூடை இருந்தது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

விங்-சௌவுக்குப் பக்கத்தில் மூச்சு ஒன்று நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அவள் ஒரு வார்த்தை கத்தினால் போதும். அவள் கதையும் முடிந்தது, அவர் கதையும் முடிந்தது. கத்த அவளுக்கு உரிமையும் இருந்தது.

"அப்போ இது?" என்று பாதங்களைச் சுட்டினார் ஃபுங்.

விங்-சௌ குனிந்தார். தம் இடது காலணியைக் கழற்றினார். உள்ளே தேங்கியிருந்தது பேருந்தின் தரையில் சொட்டியது. பிறகு வலது.

"ஐயையோ," என்றாள் முன் இருக்கைப் பெண்மணி.

"பலகை ஏறத் தெரியாத பொண்ணு சார். காலையில கூட்டிட்டுப் போனது என் தப்பு. வரிசைக்கு நடுவுல சாஞ்சு விழுந்துட்டா. நான் எறங்கித் தூக்கினேன்."

"சிப்பிக்காரன் இடது காலைக் கீழ வைக்கவே மாட்டான்னு சொன்னீங்க."

"வைக்க மாட்டான். புள்ள விழுந்தா வைப்பான். அதைச் சொல்லாம விட்டுட்டேன்."

"வலது கால்ல டயர்ச் செருப்பு இருக்குமே?"

"சேறு இழுத்துக்கிச்சு. வடக்கு மூலையில கெடக்கு, ஆளனுப்பிப் பாருங்க."

ஃபுங் குந்தி உட்கார்ந்து அந்த இடது பாதத்தை நெடுநேரம் பார்த்தார். அதன் பெருமை கரை முழுவதும் தெரிந்த பெருமை; அவருக்கும் தெரியும். வெட்டுகள் புதியவை. இன்று காலை பட்டவை என்பதில் ஐயம் இருக்க முடியாது. ஆனால் எப்படிப் பட்டன என்பதைப் பாதம் சொல்லாது.

"அப்போ ரெண்டு வருஷமா நான் பாத்த பார்வை தப்பா?"

"பாதிப் பாடம் சார். பெருமைக்காகச் சொல்றவன் பாதிதான் சொல்லுவான்."

ஃபுங் எழுந்து பெண்ணின் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "உன்னைக் கேக்கறேன். இவரு உனக்கு யாரு?"

சோய்-ஹா விங்-சௌவின் பாதங்களைப் பார்த்தாள். தரையில் பரவும் ஈரத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை. அவள் கண்களில் இருந்தது அன்பு அல்ல.

"மாமனார்," என்றாள்.

"மாமியார் பேரு?"

"லாய்-ஹோ."

"வீட்டுல அவங்க இவரை என்ன சொல்லித் திட்டுவாங்க?"

இந்தக் கேள்வியை விங்-சௌ எதிர்பார்க்கவில்லை. அவள் தயங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் அவர் முகத்துக்கு நேரே எறிந்தாள்:

"மீனுன்னு. வலை பின்னுறவன் கேட்டான்னு தன் தலை அளவைத் தானே சொன்ன மீனு. கூட நீந்துற குஞ்செல்லாம் மாட்டிச் சாகட்டும்னு சொன்ன மீனு!"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு முன்னால் பரவியது. "லாய்-ஹோ கைவரிசையேதான்!" என்றார் யாரோ. முன் இருக்கைப் பெண்மணி திரும்பி, "மருமகள்னா இப்படித்தான் இருக்கணும். சார், பொண்ணை விடுங்க, காத்தே இல்ல உள்ள," என்றாள். இவ்வளவு கசப்பை வாடகைக்கு வாங்க முடியாது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களிடம் மட்டுமே அது விளையும் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

ஃபுங் சிரிக்கவில்லை. "அப்போ அந்தக் கதையில வலை பின்னுறவன் யாரு, வாத்தியாரே?"

"கதைதானே சார்."

காவலர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று விங்-சௌவால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. "காலுக்கு மருந்து போடுங்க," என்று மட்டும் சொன்னார். இறங்கிப் போய்ப் பேருந்தின் பக்கவாட்டில் இரண்டு முறை தட்டினார். பேருந்து நகர்ந்தது.

ஷாம் ஷுய் போவில் இறங்கினார்கள். அத்தையின் கட்டடம் ஒரு நூல் கடைக்கு மேலே. படிக்கட்டின் அடியில் சோய்-ஹா நின்றாள். நான்கு மாடி ஏறிக் கதவைத் தொட்டால் போதும். ஆனால் அவள் ஏறவில்லை.

"வேணும்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. தெரிஞ்சதைக் கேட்டாங்க, தெரியும்னு காட்டிக்கிட்டேன். அவ்வளவுதான். அதுக்கு மேல சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்ல, பொண்ணே." கூடைகளைக் கீழே வைத்தார். "அவன் பேரைக் கூட நான் கேக்கலை."

அவள் சொன்னாள்: "கம்-லாய். மாக் கம்-லாய். இப்போ இருபத்தஞ்சு."

அவர் அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கூடையைக் கட்டியிருந்த சணல் கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்து அவளிடம் நீட்டினார்.

"அவன் கால் எவ்வளவு நீளம்? தெரியுமா உனக்கு?"

அவளுடைய கை நீளவில்லை. "அளவு எதுக்கு?"

"வீட்டுக்காரி டயர்ச் செருப்புத் தைப்பா. உடுப்பு, செருப்புன்னு பார்சல் போட்டா அக்கரையில தடுக்கிறதில்லை. சிப்பி மேல நடந்தாலும் அது கிழியாது. ரெண்டு காலுக்கும் தைக்கச் சொல்றேன். இதுவரைக்கும் அவ ஒத்தைதான் தைச்சிருக்கா." கயிற்றை நீட்டியபடியே நின்றார். "மறுபடி வந்தான்னா, வடக்கு மூலையில நான் இருப்பேன். தண்ணி வத்துற நேரம் எல்லா நாளும். பார்சல்ல அதை எழுதணும்னு இல்ல. செருப்பைப் பாத்தா அவனுக்குப் புரியும்."

சோய்-ஹா கயிற்றை வாங்கினாள். தன் கையால் ஒரு சாண் வைத்தாள். அதற்கு மேல் மூன்று விரல் வைத்தாள். கண்ணை மூடி யோசித்து, இன்னும் அரை விரல் சேர்த்தாள்.

"இங்க," என்றாள்.

விங்-சௌ அந்த இடத்தில் முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்து, அவிழாதபடி மறுபடியும் ஒன்று போட்டார்.